"சரிங்க" என்று மட்டுமே கேட்டால் கவலைப்படுங்கள்

வயது வந்த இருவர் மனமொப்பி, ஒருவர் ஆணையிட மற்றவர் பணிவது என்று வகுத்துக்கொள்ளும் உறவுகளில் "கீழ்ப்படிதல் பயிற்சி" என்பது பெரும்பாலும் சின்னச் சின்ன விதிகள்தான். இத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், இப்படி அழைக்க வேண்டும், தினமும் நாட்குறிப்பு எழுதிக் காட்ட வேண்டும். செய்தால் பாராட்டு, தவறினால் முன்பே பேசிவைத்த தண்டனை.

பயிற்சி பலிக்கப் பலிக்க, பணிபவர் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல் வருவது கடினமாகிறது. மறுக்காமலிருக்கப் பழக்கிவிட்டு, "மறுக்கவில்லையே, சம்மதம்தானே" என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பலவும் இதன் பிள்ளைகள். ஆட்டத்தை மெதுவாக்க "மஞ்சள்", நிறுத்த "சிவப்பு" என்று சொற்கள் வைத்திருப்பார்கள். ஓராண்டாக ஒருமுறைகூட "சிவப்பு" கேட்கவில்லையென்றால், ஆணையிடுபவர் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆண்டான், அடிமை வேடங்களைக் கழற்றிவைத்துவிட்டு, எது பிடிக்கவில்லை என்று சமமாக உட்கார்ந்து பேசும் நேரம் வாராவாரம் வேண்டும். அங்கே சொன்ன எதற்கும் தண்டனை கிடையாது.

கோபத்தில் தண்டிப்பது இன்னொரு தவறு. நாள்கணக்கில் பேசாமலிருப்பதைத் தண்டனையாக்குவது அதைவிட மோசம். அது பயத்தை மட்டுமே கற்றுத்தரும்.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கவசமாக நினைப்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 1993இல் பிரவுன் வழக்கில், மனமொப்பி வலி தந்தும் பெற்றும் உடற்காயம் விளைவித்த செயல்களுக்குச் சம்மதம் தற்காப்பாகாது என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1997இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அந்த வழக்கில் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனைகளில் மனித உரிமை மீறல் இல்லை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடில்லை. ஆனால் தாள் காப்பாற்றாது என்பது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல், நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து அடக்கி ஆள்வதே தனிக் குற்றம்.

இதற்கு நேரெதிரான தவறு, இப்படி வாழ்பவர்களையெல்லாம் நோயாளிகள் என்பது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடு விருப்பத்தையும் கோளாறையும் பிரித்தே வைக்கிறது.

அப்படியானால் பயிற்சிக்கும் கொடுமைக்கும் கோடு எங்கே? பணிபவரின் சம்பளம் யார் கணக்கில் விழுகிறது, அவர் கடைசியாகத் தன் தோழியிடம் தனியாகப் பேசியது எப்போது, இன்றிரவே கிளம்ப நினைத்தால் பஸ் டிக்கெட்டுக்குப் பணம் கையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.