லெகோ கட்டைகளில் உயரக் கட்டடங்கள்: மாடல் கோணிப்போவது எங்கே?

கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைப் பார்ப்பது அரிது. அதனாலேயே லெகோ பெட்டி கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கட்ட ஆசைப்படுவது புர்ஜ் கலீஃபாவைத்தான். ஆசை நல்ல ஆசை, ஆனால் முதல் மாடலுக்கு அது மிகக் கடினமான கட்டடம். அதற்குப் பிறகு வருவோம். எந்தக் கட்டடமானாலும், கட்டி முடித்துப் பார்க்கும்போது "என்னமோ அது மாதிரி இல்லையே" என்று தோன்றினால், முதலில் கணக்கைப் பாருங்கள். முக்கால்வாசித் தவறு அங்கேதான் இருக்கும்.

கட்டையைச் சதுரமாக நினைப்பது

கட்டையின் மேலிருக்கும் குமிழை ஸ்டட் என்பார்கள். ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மி.மீ. ஆனால் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. கட்டம் போட்ட தாளில் கட்டடத்தை வரைந்து, அகலத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்டட், உயரத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டை என்று அடுக்கினால், கோபுரம் இருக்க வேண்டியதைவிட 20 சதவீதம் நீண்டுவிடும். இதைச் சரிசெய்ய எளிய வழி, உயரத்தைக் கட்டையில் எண்ணாமல் பிளேட்டில் எண்ணுவது. பிளேட் என்பது 3.2 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய துண்டு. மூன்று பிளேட் ஒரு கட்டை உயரம். ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு ஸ்டட் அகலம்.

கணக்குக்கு மிகச் சுலபமான அளவு 1:1250, அதாவது அசலில் 1250-இல் ஒரு பங்கு. அதில் ஒரு ஸ்டட் 10 மீட்டர், ஒரு பிளேட் 4 மீட்டர். பல அலுவலகக் கோபுரங்களில் ஒரு மாடி சராசரியாக ஏறத்தாழ 4 மீட்டர்தான் என்பதால், மாடிக்கு ஒரு பிளேட் என்று மனக்கணக்காகவே போடலாம். புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டர் இந்த அளவில் 207 பிளேட், அதாவது 69 கட்டை. ராமேஸ்வரம் டிவி டவர் 323 மீட்டர், ஆக 27 கட்டை உயரம் வரும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்துங்கள். ஊரிலிருந்து தினமும் பார்க்கும் டவரோடு ஒப்பிடும்போதுதான் 828 மீட்டர் என்றால் என்ன என்பது பார்ப்பவருக்குப் பிடிபடும்.

உயரத்தை மாடி எண்ணிக்கையால் வகுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 828-ஐ 163 மாடியால் வகுத்தால் மாடிக்கு 5 மீட்டருக்கு மேல் வருகிறது. அது தவறு. ஆள் புழங்கும் கடைசித் தளம் சுமார் 585 மீட்டரில் முடிகிறது, மேலே இருப்பதில் பெரும்பகுதி ஊசிமுனைதான். எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் கூரை வரை 381 மீட்டர், ஆண்டெனாவோடு 443. எந்த எண்ணை எடுத்தோம் என்பதைத் தாளில் எழுதிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

உயரத்தை முதலில் முடிவு செய்வது

"ஐம்பது சென்டிமீட்டர் உயரம் வேண்டும்" என்று தொடங்குபவர்கள் அகலத்தில் மாட்டிக்கொள்வார்கள். உயரத்தை ஒரு பிளேட் கூட்டலாம், குறைக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அகலத்தில் ஒரு ஸ்டட் தவறினால் கட்டடத்தின் முகமே மாறிவிடும். எனவே கட்டடத்தின் மிகக் குறுகலான பகுதிக்கு எத்தனை ஸ்டட் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து அளவைக் கண்டுபிடியுங்கள்.

சிகாகோவின் வில்லிஸ் டவர் இதற்கு அருமையான பாடம், முதல் மாடலுக்கும் எங்கள் சிபாரிசு அதுதான். பொறியாளர் ஃபஸ்லுர் கான் கட்டமைப்பை வடிவமைத்த அந்தக் கட்டடம் ஒன்பது சதுரக் குழாய்களின் கட்டு. ஒவ்வொன்றும் 22.9 மீட்டர் அகலம். 1:1250 அளவில் அது 2.3 ஸ்டட். இரண்டாகக் குறைத்தால் கட்டடம் ஒல்லியாகிவிடும். குழாய்க்கு மூன்று ஸ்டட் என்று வைத்துக்கொண்டால் அளவு 1:954 ஆகிறது. அடித்தளம் 9×9 ஸ்டட், உயரம் 442 மீட்டருக்கு 145 பிளேட்.

அசல் கட்டடத்தில் வடமேற்கு, தென்கிழக்குக் குழாய்கள் 50-ஆவது மாடியில் நிற்கின்றன. வடகிழக்கு, தென்மேற்குக் குழாய்கள் 66-இல். வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்றும் 90-இல். மேற்கும் நடுவும் மட்டும் 108 வரை போகின்றன. மாடிக்குச் சராசரி 1.34 பிளேட் என்று கணக்கிட்டால், முதலில் ஒரு பிளேட் அடுக்கு, அதன்மேல் 22, 29, 40, 48 ஆகிய கட்டை வரிசைகளில் ஒவ்வொரு வெட்டும் கச்சிதமாக விழுகிறது. உள்ளே வெற்றிடமில்லாமல் கட்டினால் சுமார் 800 கிராம் எடை. வெளியே தெரியும் கட்டை மட்டும் கறுப்பாக இருந்தால் போதும், உள்ளே எந்த நிறமும் போடலாம்.

அகலம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 9 ஸ்டட் அகலக் கோபுரம் மேலே 8 ஆகச் சுருங்கினால் இருபுறமும் அரை ஸ்டட் உள்ளே போக வேண்டும். நடுவில் ஒரே ஸ்டட் உள்ள 1×2 ஜம்பர் பிளேட் இல்லாமல் அது நடக்காது. 9-லிருந்து 7-க்கு இறங்கினால் அந்தத் தொல்லையே இல்லை.

புர்ஜ் கலீஃபாவின் மூன்று கைகள்

லெகோ 90 டிகிரியில் மட்டுமே பொருந்தும். புர்ஜின் மூன்று கைகளுக்கிடையே 120 டிகிரி. சரிக்கட்டலாம் என்று T வடிவில் கட்டினால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது புர்ஜ் ஆகாது. சம நீளமுள்ள மூன்று துண்டுகளைக் கீல் பிளேட்டால் இணைத்து முக்கோணமாக மூடுங்கள். மூலைகள் தாமாகவே 60 டிகிரியில் பூட்டிக்கொள்ளும், அசையாது. அந்த மூன்று பக்கங்களிலிருந்தும் கைகளை வெளியே நீட்டினால் 120 டிகிரி கிடைத்துவிடும். மூன்று கைகளையும் ஒரே உயரத்தில் வெட்டுவது இன்னொரு தவறு. அசலில் ஒரு கைக்குப் பின் அடுத்த கை என்று சுற்றிச்சுற்றிப் படியேறுகிறது. அந்தச் சுழற்சி இல்லையென்றால் புர்ஜின் அழகே போய்விடும்.

மூட்டுக்கு மேல் மூட்டு

கொத்தனார் செங்கல் வைப்பதுபோல ஒவ்வொரு வரிசையிலும் மூட்டை மாற்றி வையுங்கள். நேர்கோட்டில் மூட்டு விழுந்த சுவர் அங்கேதான் பிளக்கும். ஏழெட்டு வரிசைக்கு ஒருமுறை, ஒரு கட்டை வரிசைக்குப் பதிலாக மூன்று பிளேட் அடுக்கு போட்டு எல்லாவற்றையும் குறுக்கே கட்டிவிடுங்கள். உயரக் கணக்கு மாறாது.

லெகோவோடு வேறு கம்பெனிக் கட்டைகளைக் கலப்பதானால் ஒரு வரிசை முழுவதும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். ஒரு கட்டையில் 0.05 மி.மீ. வித்தியாசம் இருந்தால்கூட, 48 வரிசையில் ஒரு பக்கச் சுவர் 2.4 மி.மீ. உயர்ந்து கோபுரம் சாய்ந்துவிடும். ஆட்டம் கண்ட இடத்தில் ஃபெவிக்விக் போன்ற பசை விடவே வேண்டாம். நம் கடற்கரை ஈரக்காற்றில் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், கட்டையும் மறுபடி உதவாது.

கடலோரத்தில் மட்டும் வரும் தொல்லைகள்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் மணல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஸ்டட்டுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு மணல் துகள் போதும், கட்டை முழுதாக இறங்காது, பளபளப்பும் கீறிப்போகும். பாயிலோ தரையிலோ உட்கார்ந்து கட்டாமல், விளிம்புள்ள தட்டில் வைத்துக் கட்டுங்கள்.

பலர் செய்யும் பெரிய தவறு, அழுக்கான கட்டையைப் போர்த் தண்ணீரில் கழுவுவது. கரையோர ஊர்களில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். காய்ந்ததும் வெள்ளைப் படிவம் ஸ்டட்டைச் சுற்றி உட்கார்ந்துவிடும், பிறகு ஈரத்தை இழுத்துத் தூசியைச் சேர்க்கும். சோப்புத் தண்ணீரில் அலசினாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். 40 டிகிரிக்கு மேல் சூடான நீர் வேண்டாம். நிழலில் துணிமேல் பரப்பிக் காயவையுங்கள். வெயில் பட்டால் வெள்ளை, வெளிர்சாம்பல் கட்டைகள் மஞ்சளாகும். முடிந்த மாடலை ஜன்னலோரம் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

உறுதிக்காக நடுவில் இரும்புக் கம்பி சொருகுகிறார்கள். உப்புக்காற்றில் அது துருப்பிடித்துக் கட்டைக்குள் கறை இறக்கும். அலுமினியக் கம்பி போதும். அடியில் பாரம் வேண்டுமென்று கடல் மணலை நிரப்புவதும் வேண்டாம், அதிலுள்ள உப்பே ஈரத்தை இழுக்கும். அடிப்பலகையை ஒட்டுப்பலகையில் திருகினால் மின்விசிறிக் காற்றுக்கும் அசையாது.

பள்ளிக் கண்காட்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோகும் மாடலை ஒரே துண்டாகக் கட்டாதீர்கள். படுக்கவைத்தால் தன் எடையிலேயே நடுவில் முறியலாம். வில்லிஸ் டவரை 22, 29, 40 ஆகிய வரிசைகளில் பிரியும்படி கட்டலாம். பிரியும் இடத்தில் மேற்பரப்பு முழுவதும் வழுவழுப்பான டைல் போட்டு, நாலு ஸ்டட் மட்டும் வெளியே விடுங்கள். கையால் இழுத்தால் வரும், தானாகக் கழலாது. ஒவ்வொரு துண்டையும் நிற்கவைத்து, சுற்றிலும் பழைய துணி திணித்து, தனித்தனி அட்டைப்பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.