சர்க்கரை சென்சாரில் எண்ணோடு அம்பையும் பார்ப்பது எப்படி?

மேல்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களைச் சூழ்ந்துள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸையே அளக்கிறது. அதனால் அளவு வேகமாக மாறும் வேளையில் அது இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். செல்பேசித் திரையில் எண்ணுக்கு அருகில், அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியை உடன் பார்க்கவேண்டியது இதனால்தான்: 110 என்பது நல்ல அளவே என்றாலும், இன்சுலின் போட்டிருப்பவருக்கு அம்பு செங்குத்தாகக் கீழ்நோக்கினால், அவர் அப்போது வண்டியை எடுக்கக் கூடாது.

மதுரை வெயிலில் வியர்வைதான் முதல் தொல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் ஒட்டாமல், கையைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள். பிரிக்காத சென்சாரை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் வைக்காதீர்கள்.

உணவைப் பொறுத்தவரை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே நான்கு இட்லியை இரவு பத்து மணிக்குப் பதில் ஏழு மணிக்குச் சாப்பிட்டால் திரையிலுள்ள வரைபடக் கோடு எப்படி மாறுகிறது என்பதை எந்த அறிவுரையையும்விடத் தெளிவாக உங்கள் சென்சாரே காட்டும். பரோட்டாவும் சால்னாவும் அப்படியல்ல. அவற்றின் எண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், இரண்டு மணி நேரத்தில் அடங்கியிருந்த அளவு நள்ளிரவுக்குப் பின் ஏறலாம். அம்பு மேலே போகிறதே என்று, முந்தைய ஊசி வேலை செய்து முடிக்குமுன் தாமாக இன்னோர் ஊசி போட்டுக்கொள்வது பெரும் ஆபத்து.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்பேசி கொண்டுசெல்ல முடியாது. செல்பேசியை அருகில் காட்டி ஸ்கேன் செய்யும் வகைச் சென்சார் எட்டு மணி நேரப் பதிவைத் தன்னுள் வைத்திருக்கும் என்பதால் வெளியே வந்து ஸ்கேன் செய்தால் போதும். ஆனால் உள்ளே இருக்கும்வரை எச்சரிக்கை ஒலி கேட்காது. பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு, உடன் வருபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்து சென்சார் நல்ல அளவைக் காட்டினால் உடலையே நம்பி, விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழிருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் விரலில் குத்தியே பார்க்கவேண்டும். சென்சார் அந்த ஏற்றத்தைத் தாமதமாகவே காட்டும். குத்திப் பார்க்கக் கருவி இல்லையென்றால் காத்திராமல் குளுக்கோஸை உட்கொள்ளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் இரவில் மட்டும் எண் தாழ்ந்தால், சென்சார் உள்ள பக்கமாகப் படுத்து அழுத்தியதும் காரணமாகலாம். அதையும் விரலில் குத்தியே உறுதிசெய்யுங்கள்.

மருத்துவரிடம் 14 நாள் அறிக்கையைக் காட்டுங்கள். 70 முதல் 180 வரையிலான அளவில் நாளின் 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது பெரும்பாலோருக்கு இலக்கு. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேறு.