ஆடிப்போன படத்தை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

இலங்கை மலையகத்தில் சுற்றுபவர்களின் போனில் பாதிப் படம் கலங்கலாகத்தான் இருக்கும். மூடுபனி, தூறல், குலுங்கும் ரயில், பின்னேரமே மங்கிவிடும் வெளிச்சம், இதற்குள் நின்றுகொண்டு படம் பளிச்சென்று வர வேண்டும் என்றால் எப்படி? முதலில், எடுத்த இடத்திலேயே நின்று அழிப்பதை விடுங்கள். நினைத்தது வரவில்லையே என்ற எரிச்சலில் வந்திருப்பது கண்ணில் படாது. ஒரு வாரம் கிடக்கட்டும்.

அப்புறம் பெரிய திரையில் போட்டு, படத்தில் ஏதாவது ஓர் இடமாவது அசையாமல் நிற்கிறதா என்று தேடுங்கள். நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல பக்கம் ஏறும் ரயில் ஜன்னலில் எடுத்ததில் கிட்டத்துத் தேயிலையெல்லாம் பச்சைக் கோடாக இழுபட்டிருக்கும், தூரத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தின் தகரக் கூரை மட்டும் தெளிவாக நிற்கும். அந்தக் கூரையை ஓர் ஓரத்துக்குத் தள்ளி, கோடுகளுக்கு நிறைய இடம் விட்டு வெட்டிப் பாருங்கள், ரயிலின் வேகம் தெரியும். மொத்தப் படமும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. அதில் நிறம் நன்றாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூடுபனிப் படம் வேறு கதை. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது கேமராவின் குணம், அதனால்தான் ஹப்புத்தளையின் வெள்ளைப் பனி படத்தில் அழுக்காக விழுகிறது. வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் அளவுக்கு, அதாவது இரட்டிப்பாகக் கூட்டுங்கள், போதும். பலர் உடனே எடிட்டிங் செயலியில் மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸை இழுத்துப் பனியையே துடைத்துவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் மலை வந்துவிடும், சரி, ஆனால் குளிர் போய்விடுமே!

ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற படப்பிடிப்பாளரின் கல்லறை நம் பொகவந்தலாவையில்தான் இருக்கிறது. 48 வயதில் முதல் கேமரா கிடைத்து, 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தவர். ஃபோகஸ் சரியில்லை, படம் பதியும் கண்ணாடித் தகட்டில் கீறல் என்று இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அவரை நன்றாகக் கிண்டலடித்தார்கள். இன்று அந்த மங்கலான முகங்கள்தான் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

மலையகத்தின் நாட்டார் கூத்தான காமன் கூத்து இரவில் எடுத்த படங்களில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறி, சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி கொட்டிக் கிடக்கும். கறுப்பு வெள்ளையாக்குங்கள். நிறம் போனதும் அந்தப் புள்ளிகள் பழைய ஃபிலிமின் மணல்தன்மைக்கு வந்துவிடும், தீப்பந்தத்துக்கும் வேஷத்துக்கும் அது பொருத்தம். ஆனால் வெளுத்துப்போன வானத்தில் இப்படி எதுவும் செய்ய முடியாது, அங்கே தரவே இல்லை. முன்னால் நிற்கும் மரத்தைக் கரும் நிழலாகும் வரை இருட்டாக்கி, வானத்தை வெறும் வெள்ளைத் தாளாக விட்டுவிடலாம்.

தலை வெட்டுப்பட்ட படத்தில் கையைப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் விரல்களில் ஏறியிருக்கும் தேயிலைக் கறையும், இடுப்பில் சுற்றிய படங்குத் துணியின் ஈரமும், சிரிக்கச் சொல்லி எடுத்த முகத்தைவிட அதிகம் சொல்லும். (முகம் விழுந்திருந்தால் அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கொழுந்து நிறுக்கப் போகும் அவசரத்தில் யாரும் படத்துக்கு நிற்பதில்லை.)

எந்த வேலையையும் பிரதியில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். இவ்வளவு செய்தும் ஒன்றும் தேறாத படங்கள் நிறையவே மிஞ்சும். அவற்றைத் தாராளமாக அழிக்கலாம், போனில் இடமும் வேண்டுமே.