பழைய கைத்தையல் உடைகளும் தையல் இயந்திரங்களும்: வயது கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் தைத்த பழைய உடைகளில் நிறுவன முத்திரை இருக்காது என்பதால், அவற்றின் வயதைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் வெளித்தோற்றத்தையே நம்பிவிடுகின்றனர். ஆனால் பாணிகள் திரும்பத் திரும்ப வருபவை; 1930களின் வெட்டில் இருக்கும் ஓர் உடை 1970களில் தைக்கப்பட்டதாக இருக்கலாம். உட்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஆண்டு சொல்லக் கூடாது.

முழுக்கக் கையால் தைத்திருப்பதைக் கண்டவுடன், இது தையல் இயந்திரம் வருவதற்கு முந்தியது என்று முடிவு கட்டுவதும் பரவலான தவறு. எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்ற பின்னரும், நீண்ட தையலை இயந்திரத்தில் ஓட்டிவிட்டு காஜாவையும் ஹெம்மிங்கையும் கையால் முடிக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. இயந்திரத் தையல் கண்ணில் பட்டால் உடை 1840களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை எனலாம். கைத்தையலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எல்லையும் வகுக்க முடியாது.

உடையில் ஆரம்பம் முதல் இருக்கும் பொருள்களில் மிகப் புதியது எதுவோ, அதற்கு முன் அந்த உடை தைக்கப்பட்டிருக்க முடியாது என்பதே நம்பத்தக்க விதி. இதைப் பயன்படுத்தும்போது, ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டையும் அது புழக்கத்துக்கு வந்த ஆண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்றைய வடிவிலான ஜிப்புக்குக் கிதியோன் சுண்ட்பேக் 1917இல் காப்புரிமை பெற்றார். பெண்களின் கவுன்களில் அது பரவியதோ 1930களின் நடுவில்தான். உலோகப் பற்களின் இடத்தை நைலான் சுருள் பிடித்தது 1960களில். நைலான் துணி 1938க்கும், பாலியஸ்டர் 1941க்கும் முற்பட்டதாக இருக்க இயலாது.

ஆனால் அந்த ஜிப் ஆரம்பம் முதலே இருந்ததா என்பதுதான் பலரும் கேட்க மறக்கும் கேள்வி. ஜிப்பின் துணிப்பட்டை தைக்கப்பட்ட ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: இப்போதைய தையலுக்குப் பக்கத்தில் நூலில்லாத ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தால், நூலின் நிறம் மற்ற தையல்களோடு ஒட்டாமல் இருந்தால், முன்பு வேறொன்று மறைத்திருந்த இடத்தில் துணி வெளுக்காமல் இருந்தால், அது பின்னாளில் மாற்றப்பட்டது. பொத்தான்கள் இதைவிட எளிதாக மாற்றப்படுபவை; அவற்றைத் தனிச் சான்றாக நான் ஏற்பதே இல்லை.

புறஊதா விளக்கில் ஒளிர்ந்தால் புதிய துணி என்ற நம்பிக்கையும் ஏமாற்றக்கூடியது. இன்றைய சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகள் ஒட்டிக்கொள்வதால், ஒருமுறை துவைத்த நூறாண்டுப் பருத்தித் துணிகூட ஒளிரும்.

இயந்திரங்களில் தவறு வேறு வடிவில் வருகிறது. உலோகத் தகட்டில் பொறித்த காப்புரிமை ஆண்டுகளைத் தயாரிப்பு ஆண்டாகப் படிக்கின்றனர். அவற்றுள் கடைசி ஆண்டுக்குப் பிந்தியது அந்த இயந்திரம் என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. சிங்கர் இயந்திரத்தின் சின்னத்தில் 1851–1951 என்று கண்டு, கையில் இருப்பது நூற்றெழுபது ஆண்டுப் பழம்பொருள் என்று மகிழ்வோர் உண்டு. அது நிறுவனத்தின் நூற்றாண்டு விழாச் சின்னம். வரிசை எண்ணே சிறந்த வழி. அதிலும், அந்த எண்தொகுதி ஒதுக்கப்பட்ட நாளைத்தான் நிறுவனத்தின் பதிவேடு தருகிறது. இயந்திரம் சற்றுப் பின்னர் முடிந்திருக்கலாம். மேசையும் இயந்திரமும் ஒரே காலத்தவை என்றும் நினைத்துவிட வேண்டாம், ஏனெனில் அவை அடிக்கடி மாற்றிப் பொருத்தப்பட்டன. வயது கூடினால் விலையும் கூடும் என்பதும் பொய். சிங்கர் நிறுவனம் இவற்றை இலட்சக்கணக்கில் தயாரித்தது.

பளபளப்பாக்கும் ஆசையே இயந்திரத்துக்குப் பெரும் கேடு. பொன்னிறச் சித்திரங்களின் மேல் பூசப்பட்ட அரக்குப் பூச்சு ஸ்பிரிட்டில் கரைந்து, சித்திரத்தையும் கூடவே கொண்டுபோய்விடும். ஆகவே தையல் இயந்திர எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைப்பதே போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். சக்கரம் சுழல மறுத்தால் பலத்தைக் காட்டாமல், எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும். மின்மோட்டார் உள்ளதாயின், ஒயரின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று பார்த்து, வெடித்திருந்தால் ஒயரை மாற்றும் வரை மின் இணைப்பே கொடுக்கக் கூடாது.