வெளிநாட்டில் மகளை அடிக்கிறார்கள்: ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் பெண்ணை வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்த வீடுகளில், அங்கே அடி விழுகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேச்சுதான் கிளம்பும்: "அனுசரிச்சுப் போம்மா", இல்லையென்றால் "உடனே கிளம்பி வந்துடு". முதலாவதைச் சொல்லவே கூடாது. இரண்டாவதிலும் அவசரம் வேண்டாம், சில விசா வழிகள் அந்த நாட்டுக்குள் இருந்தால்தான் திறக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விசாவைப் பற்றி யோசிக்காமல் வீட்டை விட்டு வெளியேறட்டும்.

முதல் கேள்வி: மாப்பிள்ளை அந்நாட்டுக் குடிமகனா, நிரந்தரவாசியா, வேலை விசாவில் இருப்பவரா? வழி அதைப் பொறுத்தே மாறும்.

பிரிட்டனில் கணவர் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால், மனைவி விசாவில் இருப்பவள் குடும்ப வன்முறையைக் காட்டித் தானே நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். கையில் காசில்லையென்றால் முதலில் மூன்று மாதச் சலுகை அனுமதி உண்டு, அதை வைத்து அரசு உதவித்தொகை கேட்கலாம். அந்த மூன்று மாதத்துக்குள் நிரந்தர விண்ணப்பம் போயாக வேண்டும். தவறினால் அனுமதியே இல்லாமல் நிற்பாள். கணவர் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருந்தால் அந்த மூன்று மாதம் மட்டும்தான். சலுகை கிடைத்ததும் பழைய விசா போய்விடும் என்பதால், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் விண்ணப்பிக்கக் கூடாது. இலவச உதவி எண் 0808 2000 247.

அமெரிக்காவில் குடிமகன் அல்லது கிரீன் கார்டுக்காரரின் மனைவி, கணவருக்குத் தெரியாமலே, தானே கிரீன் கார்டுக்கு வழி தேடும் ஐ-360 படிவம் தாக்கல் செய்யலாம். எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் மனைவிக்குத் தருவது) இருப்பவளுக்கு அது பொருந்தாது. போலீசில் புகார் செய்து விசாரணைக்கு ஒத்துழைத்தால், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யு விசா கேட்கலாம். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் என்பதால் பல வருடம் காத்திருக்க நேரும். உதவி எண் 1-800-799-7233.

சிங்கப்பூரில் உதவி எண் 1800-777-0000 இரவும் பகலும் இயங்கும். குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்க அவள் அந்நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை.

எந்த நாடானாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவள் கேட்கட்டும். மாமியார் வீட்டு ஆட்களை மொழிபெயர்க்க விடவே கூடாது.

ஆதாரத்தில் பாதி உங்கள் போனிலேயே இருக்கும். அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், காயத்தின் படம் எதையும் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று அழித்துவிடாதீர்கள். இன்னொரு இடத்திலும் நகல் வையுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா நகல்களும் உங்களிடம் இருக்கட்டும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதும் அவள் சொல்லக்கூடிய ஓர் அடையாளப் பேச்சை முடிவு செய்யுங்கள். "கொல்லையில முருங்கை காய்ச்சிருக்கா?" என்று கேட்டால் போலீசை அழையுங்கள் என்று அர்த்தம். தஞ்சாவூரிலிருந்து பிரிட்டனின் அவசர எண் 999 அழுத்தினால் லண்டன் போலீசுக்குப் போகாது. அவள் இருக்கும் பகுதிக் காவல்துறையின் முழு எண்ணையும், நாட்டுக் குறியீட்டோடு, இன்றே எழுதி வையுங்கள். இந்தியத் தூதரகத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம் வழியாகவும் புகார் அனுப்பலாம்.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. கோயில் திருவிழா, சீமந்தம் என்று ஊருக்கு அழைத்து வந்து விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு கணவர் மட்டும் விமானம் ஏறுவது. அப்படி நடந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள், புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது போலீஸ் புகார் கேட்பார்கள். பிரிட்டனில் குடிமகன் அல்லது நிரந்தரவாசியின் மனைவி விசாவில் இருந்து, இப்படிக் கைவிடப்பட்டவள் 2024 ஜனவரி 31 முதல் இங்கிருந்தே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

வழக்குக்காக அவள் வெளிநாடு போக வேண்டாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி, அவள் இப்போது தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே பாதுகாப்பு, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு எல்லாம் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமும் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திடமும் சேர்த்துவிடுவார்கள். சமாதானம் பேச வருபவர்கள் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்தால், உறையில் இருக்கும் தபால் முத்திரைத் தேதியோடு அப்படியே வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.