எய்ட்ஸ் நினைவு குவில்ட்டுக்கு ஒரு பேனல் தைக்கிறது எப்படி

எய்ட்ஸ்ல போனவங்க நினைவா 1987ல அமெரிக்கால ஆரம்பிச்ச குவில்ட்டுக்கு (துணிகள சேத்து தச்ச பெரிய போர்வை மாதிரி) குடும்பமோ ஃப்ரெண்ட்ஸோ பேனல், அதாவது இறந்தவங்க பேர் போட்ட ஒரு துணி, தச்சு அனுப்பலாம், அளவு 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு சவக்குழி அளவு. ஓரம் மடிச்சு தைக்க நாலு பக்கமும் 2, 3 இன்ச் கூட விட்டு வெட்டுங்க. இழுத்தா நீளாத கெட்டி காட்டன் எடுங்க, பல தடவ மடிச்சு பிரிப்பாங்க, அதனால பசை வேணாம், பேர துணில வெட்டி சுத்தி தைங்க. அவங்க போட்ட சட்டையோட பாக்கெட், காலர் வச்சு தைக்கலாம், போட்டோவ விட அந்த நைஞ்சு போன காலர் தான் ஆள கண்ணு முன்னாடி நிறுத்தும். தனியா உக்காந்து தைக்காதீங்க, தெரிஞ்சவங்கள கூப்பிடுங்க, கைல ஊசி இருந்தா சொல்லாத கதையெல்லாம் தானா வரும், அத லெட்டரா எழுதி கூடவே அனுப்புங்க. எட்டு பேனல சேத்து 12 அடி சதுரமா தச்சுடுவாங்க, அதனால அளவு மட்டும் மாறவே கூடாது.