பூங்காவுக்குள் கைத்துப்பாக்கி: அமெரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவின் ஷுகர்லேண்ட்ஸ் விசிட்டர் சென்டர். வாசலில் ஓர் அறிவிப்பு: கைத்துப்பாக்கிப் படம், அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. எனக்கு முன்னால் போன நண்பர் கதவில் கை வைத்த பிறகுதான் அதைக் கவனித்தார். அடுத்த நொடி அவர் கை இடுப்புக்குப் போயிற்று. சட்டைக்கு அடியில், பெல்ட்டில் இருந்தது துப்பாக்கி.

அவர் அமெரிக்கக் குடிமகன். துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோக ஜார்ஜியா மாநிலம் கொடுக்கும் பெர்மிட் வைத்திருப்பவர். அந்தப் பெர்மிட் நாங்கள் நின்ற டென்னசியிலும் செல்லும் என்பதையும், பூங்காவுக்குள் துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லை என்பதையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். படித்ததெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கதவைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருந்தால், ஓராண்டு வரை சிறை விதிக்கக்கூடிய கூட்டாட்சிக் குற்றம் ஆகியிருக்கும்.

நம்மூரில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் அப்படி ஒரே வரியில் முடியாது. அங்கே முதலில் கேட்க வேண்டியது, நாம் நிற்கும் மண் யாருடையது என்பது. கூட்டாட்சி அரசா, மாநிலமா, நகராட்சியா, ராணுவத்தின் பொறியாளர் படையா? மரமும் ஓடையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், விதி மட்டும் மாறிவிடும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

விதிகளுக்குள் போகும் முன், அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்து தங்கியிருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பது அவற்றில் முக்கியமானது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. இங்கே ‘வைத்திருப்பது’ என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. மலையேறும்போது மூச்சு வாங்கிய நண்பர், “இந்தப் பையை ஒரு பத்து நிமிடம் பிடிங்களேன்” என்று நீட்டுகிறார். உள்ளே துப்பாக்கி இருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எச்-1பி. அந்தப் பத்து நிமிடமே வழக்காகிவிடலாம். க்ரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், க்ரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடுகடத்த முடியும். பெர்மிட்டே தேவையில்லை என்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அறிவித்துவிட்டதை நம்பி இதை மறந்துவிடாதீர்கள். மாநிலம் கொடுக்கும் சலுகை கூட்டாட்சித் தடையை நீக்காது.

சரி, இனி தேசியப் பூங்காக்கள். 2010 பிப்ரவரி 22 வரை, பொதுவாகத் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், எளிதில் எடுக்க முடியாதபடி மூட்டை கட்டி வைத்துத்தான் இவற்றுக்குள் கொண்டுபோக முடிந்தது. அதை மாற்றிய பிரிவு, கிரெடிட் கார்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 2009-இல் வந்த சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒபாமா அதில் மே மாதம் கையெழுத்திட்டார். இதைப் பலரும் ‘தேசியப் பூங்காவில் துப்பாக்கிக்கு அனுமதி’ என்று சுருக்கிப் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அந்தச் சட்டம் யாருக்கும் புதிதாக அனுமதி கொடுக்கவில்லை. பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டப்படி வைத்திருந்தால் பூங்கா நிர்வாகம் தடுக்காது என்கிறது, அவ்வளவே.

அப்படியானால் ஒரே பூங்கா இரண்டு மாநிலங்களில் விரிந்திருந்தால்? டெத் வேலியின் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில், ஒரு மூலை நெவாடாவில். கலிஃபோர்னியா வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. நெவாடா பெர்மிட்டோடு பீட்டி ஊரிலிருந்து பாலைவனச் சாலையில் வருபவர் மாநில எல்லையைத் தாண்டியதும், இடுப்பில் மறைத்திருக்கும் துப்பாக்கிக்கு அந்தப் பெர்மிட் துணை நிற்காது. சோதனைச் சாவடியில் நிறுத்தி யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டடங்கள் தனிக் கதை. கூட்டாட்சி ஊழியர்கள் வழக்கமாக வேலை பார்க்கும் எந்தக் கட்டடத்திலும் துப்பாக்கி கூடாது. விசிட்டர் சென்டர், ரேஞ்சர் நிலையம், அலுவலகம் எல்லாம் இதில் அடங்கும். வாசலில் அறிவிப்பு இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் கதவைத் திறக்கும் முன் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி போன்ற பெரிய பூங்காக்களுக்குள் தபால் நிலையமும் உண்டு. தபால் துறையின் விதி கட்டடத்தோடு நிற்காமல் வாகன நிறுத்துமிடத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு போஸ்ட் கார்டு போடத்தானே என்று வண்டியை உள்ளே திருப்புபவர்கள் கவனிக்க வேண்டும்.

தேசிய வனம் என்பது தேசியப் பூங்கா அல்ல. வனங்கள் வேளாண் துறையின் கீழ், பூங்காக்கள் உள்துறையின் கீழ் வருகின்றன. வனத்திலும் துப்பாக்கி கொண்டுபோவதற்கு மாநிலச் சட்டம்தான் அளவுகோல். ஆனால் சுடுவதற்குத் தனி வரம்பு இருக்கிறது. வீடு, கட்டடம், கூடாரமடிக்கும் இடம், ஆட்கள் இருக்கும் பகுதி ஆகியவற்றிலிருந்து 150 கஜத்துக்குள், அதாவது சுமார் 137 மீட்டருக்குள், சுடக் கூடாது. வனச் சாலைக்குக் குறுக்கே, நீர்நிலைக்குக் குறுக்கே, குகைக்குள் கூடாது. பூங்காக்களில் வரம்பு இன்னும் இறுக்கமானது. வேட்டை அனுமதிக்கப்பட்ட சில இடங்களைத் தவிரச் சுடுவதே குற்றம். ‘கொண்டுபோகலாம்’ என்பதைப் ‘பயன்படுத்தலாம்’ என்று வாசிப்பது ஆபத்தான தவறு.

பெரும்பாலும் கரடிப் பயத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். 2010 மே மாதம், விதி மாறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, அலாஸ்காவின் டெனாலி பூங்காவில் மலையேறிய ஒருவர், புதரிலிருந்து பாய்ந்து வந்த கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடியை 45 காலிபர் கைத்துப்பாக்கியால் ஒன்பது முறை சுட்டார். கரடி புதருக்குள் திரும்பிப் போய் இறந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புதரிலிருந்து பாய்ந்து வரும் மிருகத்தைக் குறிபார்க்க உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள், கையோ நடுங்கிக்கொண்டிருக்கும். கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரேயை (bear spray) அவ்வளவு துல்லியமாகக் குறிபார்க்க வேண்டியதில்லை, புகைபோல் விரிந்து முகத்தை மறைக்கும். அலாஸ்கா சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், பழுப்புக் கரடிகளை ஸ்ப்ரே நிறுத்தியது 92 விழுக்காடு. யெல்லோஸ்டோன் நிர்வாகமும் அதைத்தான் எடுத்துவரச் சொல்கிறது. ஆனால் யோசெமிட்டியில் அந்த ஸ்ப்ரேக்கே தடை. அங்கே இருப்பவை கறுப்புக் கரடிகள், கிரிஸ்லி கிடையாது. ஆக, ஸ்ப்ரே வாங்கும் முன்பும் எந்தப் பூங்கா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏரிக்கரைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அட்லாண்டாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடையில் லேனியர் ஏரிக்கும் அலட்டூனா ஏரிக்கும் போவது வழக்கம். இரண்டுமே ராணுவப் பொறியாளர் படை கட்டிய நீர்த்தேக்கங்கள். அந்தப் படையின் நிலத்தில், வேட்டை போன்ற சில விலக்குகள் தவிர, தோட்டா போட்ட துப்பாக்கிக்கு எழுத்து அனுமதி கேட்கும் விதி பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. ஜார்ஜியா பெர்மிட் வைத்திருப்பவர்களே இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. கூடாரம் அடிக்க முன்பதிவு செய்யும்போதே, அது மாநிலப் பூங்காவா, படையின் இடமா, இப்போதைய விதி என்ன என்று அந்த ஏரியின் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நகரப் பூங்காக்களில் நிலைமை வேறு. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் தீர்ப்பளித்து, வீட்டுக்கு வெளியே துப்பாக்கி கொண்டுபோகும் உரிமையை விரிவாக்கியது. அடுத்த வாரமே நியூயார்க் புதுச் சட்டம் இயற்றி, பூங்காக்களை, பெர்மிட் இருந்தாலும் துப்பாக்கி கூடாத இடங்களின் பட்டியலில் போட்டது. சென்ட்ரல் பார்க்கில் கூடாது. அதே மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் உள்ள வனக் காப்பு நிலத்துக்கு அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு.

பயண வழியைப் பலரும் யோசிப்பதே இல்லை. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டப்படி செல்லும் என்றால், இடையில் வரும் கடுமையான மாநிலங்களைக் கடக்க 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நிபந்தனைகள் உண்டு. தோட்டா கழற்றியிருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டக் கூடாது. எஸ்யூவி, மினிவேன் போலத் தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும். டாஷ்போர்டு பெட்டியைப் பூட்டினால் போதும் என்பது தவறு. அதையும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியையும் சட்டமே பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது.

அன்று ஷுகர்லேண்ட்ஸில் நண்பர் கதவை விட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பினார். டிக்கியில் இருந்த பூட்டுப் பெட்டிக்குள் துப்பாக்கியை வைத்துவிட்டு, வெறும் இடுப்போடு வந்து ரேஞ்சரிடம் நேராகவே விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். அந்த அம்மா சிறிதும் முகம் சுளிக்கவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாயின் மேல் விரலை வைத்தார். “இதுவரை டென்னசி. இதைத் தாண்டி இறங்கினால் நார்த் கரோலினா. உங்கள் பெர்மிட் அங்கேயும் செல்லும். ஆனால் அங்கே அதிகாரி யாராவது உங்களை நிறுத்தினால், அவர் கேட்பதற்கு முன்பே துப்பாக்கி இருப்பதை நீங்கள் சொல்லிவிட வேண்டும். உடம்பில் ஒரு சொட்டு மது இருந்தாலும் அதை மறைத்துக் கொண்டுபோகக் கூடாது.” நண்பர் பேனா வாங்கி, அந்தக் கணவாயின் மேல் ஒரு வட்டம் போட்டுக்கொண்டார்.